மைக்காரரின் சாட்சி

என் வீட்டுக்காரரின் குரலைத்தான் நான் முதலில் கேட்டேன், அவரைப் பார்த்தது பிறகுதான். கேரள எல்லையோரம் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் கடை. பஸ்ஸில் பாறசாலைக்குத் திரும்பும்போது பள்ளிக்கூட மைதானத்தில் பந்துகளி, கால்பந்து ஆட்டம், நடந்துகொண்டிருக்கும். குழாய் ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக, களியைச் சொல்லிக்கொண்டிருக்கும். பந்து நடுமைதானத்தில் கிடக்கும்வரை சாயா குடித்துக்கொண்டே பேசுகிறவர் மாதிரி நிதானமாக இருக்கும். கோல் பக்கம் நெருங்கினால் மூச்சு விடாது. பந்து வலைக்குள் விழுந்ததும் சட்டென்று நின்றுவிடும். மற்ற ஊர்களில் மைக்கில் பேசுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் ஒரு மூச்சு அளவுக்குச் சும்மா இருப்பார். பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல, “கோல்” என்பார்.

அந்த ஒரு மூச்சைக் கேட்பதற்காகவே ஒருநாள் என் நிறுத்தம் வரும் முன்பே பஸ்ஸை விட்டு இறங்கினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

எங்கள் கல்யாணம் வீட்டில் பேசி முடித்ததுதான். பெண் பார்க்க வந்தவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். சாயாவை நீட்டியபோது, “சீனி கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். நான் சட்டென்று நிமிர்ந்ததில் தட்டில் பாதி சாயா கொட்டிவிட்டது. பயத்தில் கொட்டியதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குரல் தெரியும் என்று அன்று யாரிடமும் சொல்லவில்லை. மைக் செட் வாடகைக்கு விடுவது அவருடைய தொழில், ஊரில் மைக்காரர் என்பார்கள். கல்யாண வீடு, கோயில் கொடை, சர்ச் திருநாள், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். ஆனால் பந்துகளிக்கு மட்டும்தான் அவரே மைக்கைப் பிடிப்பார்.

கல்யாணமான அடுத்த வருஷம் அவன் வந்தான். அம்பூரி மலையில் ரப்பர் வெட்டும் குடும்பத்துப் பையன். அப்பா இல்லை. அம்மா பொழுது வெளுப்பதற்கு முன்னே ரப்பர் பால் எடுக்கப் போவாள். பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். எங்கள் கிளப்பில் ஆள் குறைந்த ஒரு நாளில் அவனை உள்ளே விட்டார்கள். அவனைச் சுற்றி மூன்று பேர் நிற்கும்போது, இடது பாதத்தின் வெளி விளிம்பால் பந்தைத் தொட்டான். அதை அடி என்றே சொல்ல முடியாது. தனக்கென்று திறந்து வைத்த வீட்டுக்குள் போகிறது போல, பந்து அவர்கள் நடுவே போனது. ஸ்பீக்கரில் குரல் தடுமாறியது. பெயர் தெரியாததால், “அதோ... அந்த இடங்காலன்!” என்றார் என் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர். மாநில அணியில் விளையாடியபோதும், வடக்கே பெரிய கிளப் ஒன்றுக்குப் போய் டிவியில் வந்தபோதும், எங்களுக்கு அவன் இடங்காலன்தான். அவன் களி இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டு முன்னறையில் இடம் இருக்காது. கிளப் செயலாளர் ஜங்ஷனில் இருக்கும் தன் கோழிக்கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வருவார். இவருடன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆட்டோக்காரர் வண்டியை முற்றத்தில் குறுக்கே நிறுத்திவிட்டு ஓடி வருவார். நான் மரச்சீனிக் கிழங்கு அவித்து, மிளகாய்ச் சம்மந்தி அரைத்து வைப்பேன். டிவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “எலே, நீ சொல்லுலே” என்பார் ஆட்டோக்காரர். இவர் உட்கார்ந்த இடத்திலேயே மைக் இல்லாமல் களி சொல்லுவார். அடுப்படியில் நின்று நான் கேட்பேன். வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

ஓணம் கழிந்து நடந்த ஒரு பைனலுக்கு அவன் எங்கள் கிளப்புக்காக விளையாட வந்தான். பழைய பாசம். மதிலிலும் மரத்திலும், ரோட்டோரம் நிறுத்தியிருந்த பஸ்ஸின் மேலேயும் ஆட்கள். நான் பெண்களோடு பள்ளிக்கூடக் கட்டடத்தின் பக்கம் இருந்தேன். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, வெளிக்கோட்டை ஒட்டி, குடையின் கீழே இவருடைய மேசை. இரண்டு பக்கமும் சமமாக நின்று களி முடியப் போகிற நேரம். நீளமாக வந்த ஒரு பாஸை வாங்கி, இடங்காலன் பந்தை எடுத்துக்கொண்டு போனான். கோல் விழுந்தது. இவருடைய அந்த ஒரு மூச்சு மௌனம் வந்தது. அந்த மௌனத்தில்தான் எல்லோரும் பார்த்தோம், வெளிக்கோட்டில் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கி நிற்பதை. ஆஃப்சைடு. பாஸ் வரும்போதே அவன் எதிரணிக்காரர்களைத் தாண்டி நின்றான் என்று. கோல் இல்லை.

லைன்ஸ்மேன் கோட்டுகால் என்ற ஊரில் இருந்து வந்திருந்த ஒல்லியான இளைஞன். குழாய் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொடி பிடிக்கப் போவான்.

இடங்காலன் அவனை நோக்கிப் போனான். ஓடவில்லை, நடந்தே போனான். “ஓடியிருந்தா கோவம்னு சொல்லலாம்” என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார் என் வீட்டுக்காரர். கொடியைப் பிடுங்கி, கம்பு முனையால் முகத்தில் குத்தினான். கீழே விழுந்தவன் முகத்தைப் பொத்திக்கொண்டபோது காலால் மிதித்தான், திரும்பவும் மிதித்தான். எனக்குக் கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. ஆனால் இவர் மைக்கை அணைக்காமல் மேசையில் போட்டுவிட்டு ஓடியிருந்தார். “எலே விடு... விடுலே... ஐயோ விடுலே” என்று தூரத்தில் இருந்து அவர் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. அவ்வளவு பேர் நின்ற மைதானத்தில் அது மட்டும்தான் கேட்டது.

இவரும் ஆட்டோக்காரருமாகத்தான் அந்த இளைஞனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது கண் போய்விட்டது.

போலீஸ் வந்து கேட்டபோது யாரும் எதையும் பார்க்கவில்லை. எல்லோரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். பந்தோ அப்போது வலைக்குள் சும்மா கிடந்தது. இவர் பார்த்ததைச் சொன்னார். கேஸ் நடந்து, சாட்சி சொல்ல வரும்படி சமன்ஸ் வருவதற்குள் நாள் நிறைய ஓடிவிட்டது. அதற்குள் இடங்காலன், கால்பந்துச் சங்கம் போட்டிருந்த தடை முடிந்து, திரும்பவும் விளையாடத் தொடங்கியிருந்தான். முன்னைவிட நன்றாக விளையாடினான் என்பதுதான் வேதனை.

சமன்ஸ் வந்த செய்தி தெரிந்ததும் செயலாளரும் ஆட்டோக்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். சாயா வைத்தேன். யாரும் தொடவில்லை.

“போய் நின்னு, நான் மைக்குல களி சொல்லிட்டு நின்னேன், ஒண்ணும் காணல்லன்னு சொல்லு. தீந்துது” என்றார் செயலாளர். “அவன் இந்தியா ஜெர்சி போடப் போறவனாக்கும். நம்ம பக்கத்துல வேற யாருக்கு உண்டு அந்த யோகம்?”

இவர் மேசையில் கிடந்த சமன்ஸை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“எலே,” என்றார் ஆட்டோக்காரர், “அந்தப் பயலுக்க கண்ணு போனது கஷ்டம்தான். நானாக்கும் அவனுக்க தலைய உனக்க மடியில வைக்கச் சொல்லி வண்டி ஓட்டினது. ஆனா இவன ஜெயில்ல போட்டா அந்தக் கண்ணு திரும்பி வருமா?”

“வராது.”

“பின்ன?”

“நீ கண்டியான்னு கேப்பாங்க இல்லியா? கண்டேன். அதத்தான் சொல்ல முடியும்.”

“அவனுக்குப் பேரு போட்டது நீயில்லியா!” செயலாளரின் குரல் உயர்ந்தது. “உனக்க வாயில இருந்து வந்த பேரு. அதே வாயால அவனக் குழியில தள்ளுவியா?”

அவர்கள் போனபிறகு, ஆறிய சாயாக்களை நான் எடுக்கும்போது, “எட்டி” என்று கூப்பிட்டார். “அவன் ஜெயிலுக்குப் போகணும்னு எனக்கு ஒரு ஆசையும் இல்ல. கண்டதக் காணல்லன்னு சொல்லிட்டு, பின்ன ஞாயித்துக்கிழம மைக்கப் பிடிச்சு நான் என்னத்தச் சொல்ல?”

நான் தட்டை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லாதீங்க என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எங்கள் முன்னறையும், மரச்சீனியும், அந்தச் சிரிப்பும் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் குரலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் நான். அதைப் பொய் சொல்லச் சொல்லிவிட்டு அப்புறம் எப்படிக் கேட்பது?

கோர்ட் என் கடையில் இருந்து நடக்கிற தூரம்தான். சாட்சி நாளில் மானேஜரிடம் சொல்லிவிட்டுப் போனேன். இடங்காலன் வெள்ளைச் சட்டை போட்டு, கைகட்டி நின்றான். ஜெர்சி இல்லாமல் பார்த்தபோது சின்ன ஆளாகத் தெரிந்தான். இவர் பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னார். மைக் இல்லாததால் குரல் எட்டவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி மாஜிஸ்திரேட் சொல்ல வேண்டியிருந்தது. அவன் பக்கத்து வக்கீல் எழுந்து, மலையாளத்தில், “நிங்ஙள் இயாளுடெ ஆராதகன் ஆயிருந்நில்லே?” என்று கேட்டார். நீங்கள் இவருடைய ரசிகராக இருந்தவர்தானே என்று.

“ஆணு” என்றார், ஆமாம் என்று.

“ஆயிருந்நு, அல்லே?” இருந்தீர்கள், இப்போது இல்லை, அப்படித்தானே?

இவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவனும் இவரைப் பார்த்தான்.

“இப்போழும் ஆணு” என்றார். இப்போதும் ரசிகன்தான்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வெளியே வரும்போது குறுகலான வராந்தாவில் இவரும் அவனும் எதிர் எதிரே வந்துவிட்டார்கள். அவன் சுவரோரமாக ஒதுங்கி, இவருக்கு வழி விட்டான். முன்பு மைதானத்தில் இவரைக் கண்டால் அவன் அப்படித்தான் ஒதுங்கி நிற்பான்.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மூன்று வருஷம். மேல்கோர்ட்டுக்குப் போனார்கள், அங்கேயும் மாறவில்லை. மழை பிடித்த வாரத்தில் அவன் ஜெயிலுக்குப் போனான்.

அதன்பிறகு எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சு இல்லாத இடம் கிடையாது. சாயாக்கடையில், பஸ்ஸில், மீன் வாங்கும் இடத்தில். அது ஆஃப்சைடே இல்லை என்று ஒரு கூட்டம். ஆஃப்சைடு இல்லையென்றால் கண்ணைக் குத்தலாமா என்று இன்னொரு கூட்டம். அபராதம் போட்டு விட்டிருக்கலாம் என்பவர்கள் உண்டு. என் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, “வீட்டுல பெண்டாட்டிய அடிச்சிருந்தா இந்தக் கேஸே வந்திருக்காது, கேட்டியா” என்றாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருந்து இவரை நீக்கினார்கள். அடுத்த டூர்னமெண்டுக்கு வேறு ஊரில் இருந்து மைக் வந்தது. இவர் கல்யாணங்களுக்கும் திருநாள்களுக்கும் மட்டும் போய்வந்தார். ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, ஓரத்தில் போய் நின்றுகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மைதானத்தைக் கடக்கும்போது வேறு ஒருவர் கத்துவது கேட்கும். என் காது என் சொல் கேட்காமல் அதற்குள்ளே இவரைத் தேடும்.

ஒரு திருநாளுக்கு ஆம்ப்ளிபயர் ஒன்று குறைந்தது. எங்களுடைய பழைய ஆம்ப்ளிபயர் பெட்டி ஒன்று கிளப் அறையில் கிடந்தது. இவர் போக மாட்டேன் என்றார். நான் போனேன். வாசல் படியில் கால் வைக்கும்போதே உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. சுவரில் பெரிதாக மாட்டியிருக்கும் இடங்காலன் படத்தை எடுப்பதா வேண்டாமா என்று.

“எடுக்கப்பிடாது” என்றார் செயலாளர். “கோர்ட்டு தண்டிச்சாச்சு. நாமளும் தண்டிக்கணுமா? அவன் அடிச்ச கோலு என்ன குத்தம் செய்தது?”

“எடுத்து மாத்துங்க அத.” இப்படிச் சொன்னது ஆட்டோக்காரர். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “சீட்டு உறைய நான் மாத்தியாச்சு. ஆனா மழை பெஞ்சா வண்டியில இன்னும் ரத்தவாடை வருது எனக்கு. நீங்க யாரும் அவனத் தூக்கி வண்டியில வைக்கல்ல.”

“அப்பம் நீ ஏன் சாட்சி சொல்லப் போகல்ல?”

ஆட்டோக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் என்னைக் கண்டார்கள். செயலாளருக்குக் கோபத்தைத் திருப்ப ஒரு ஆள் கிடைத்தது.

“உங்க வீட்டுக்காரர் ஒரு வாக்கு மாத்திச் சொல்லியிருந்தா இந்தப் பேச்சே இல்ல. அவருக்கு என்ன, சத்தியவான்னு பேரு கெடச்சாச்சு.”

பெட்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை.

“அண்ணே, அவன் ஜெயிலுக்குப் போன அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பு பத்தல்ல. உங்க வீட்டுல பத்திச்சா?”

அவருடைய கோழி அறுக்கும் தடித்த கைகள் இரண்டும் தொங்கிப்போயின. “பத்தல்ல” என்றார். குரல் உடைந்துபோய் இருந்தது. “எனக்க வீட்டுலயும் பத்தல்ல.”

அந்தப் படத்தைப் பற்றி அன்று முடிவு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வந்து வண்டியில் வைத்து, வீடு வரை கொண்டுவிட்டார். உள்ளே வரச் சொன்னேன். “இன்னொரு நாள் வாறேன்” என்றார். முற்றத்தைத் தாண்டும் வரைக்கும் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார். இவர் வெளியே வந்து கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. இவர் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் போனில் இடங்காலனின் பழைய களிகளைப் பார்ப்பார். எப்போதும் சத்தம் இல்லாமல்தான் பார்ப்பார். எனக்கு அந்த இடது பாதம் தெரிய வேண்டும் என்பதற்காகப் போனைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்துக் கொடுப்பார். நாங்கள் இருவரும் சேர்ந்து பார்ப்போம். அவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்த வீட்டில் அவனுக்காக ஏங்கியது போல வேறு யாருக்காகவும் நாங்கள் ஏங்கியதில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

“சத்தம் வச்சுப் பாக்கப்பிடாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வேற எவனோ களி சொல்லியான் அதுல” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் இடங்காலனின் அம்மாவைப் பார்த்தேன். ஜெயிலில் மகனைப் பார்த்துவிட்டு, மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். நான் பார்க்காதது போல நகரப் பார்த்தேன்.

“நீ மைக்காரனுக்க வீட்டுக்காரியில்லியா, மோளே?” என்றாள். “இரி. இஞ்ச இரி.” மடியில் இருந்த பையை எடுத்து எனக்கு இடம் விட்டாள்.

என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவளே பேசினாள். “தடிச்சுப் போனான். ஓடாத்த உடம்பில்லியா. காலு மரத்துப் போகுதுங்கியான்.” தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள், வலி அங்கே இருப்பது போல. பிறகு, “கோட்டுகால்ல போயி அந்தப் பயலுக்க அம்மையக் கண்டேன்” என்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் பறையல்ல. கொஞ்சம் வெள்ளம் தந்தா. நான் குடிச்சிட்டு வந்தேன்.”

அவளுடைய பஸ் வந்தது. எழுந்தவள், என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, குறையும் சொல்லவில்லை. வீட்டில் வந்து சொன்னபோது இவர் முகத்தைக் கழுவப் போய்விட்டார். வெகுநேரம் கழுவினார்.

கொடி பிடித்த அந்தக் கோட்டுகால் இளைஞன் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி சுமாருக்கு. முன்கூட்டிச் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கோர்ட்டில் பார்த்ததற்குப் பிறகு நாங்கள் அவனைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவன், “அண்ணே, இந்தப் பக்கம் இரியுங்க. அந்தப் பக்கம் இருந்தா எனக்கு ஆளு தெரியாது” என்று இவரை இடது பக்கத்துக்கு மாறி உட்காரச் சொன்னான்.

நன்றி சொல்ல வந்திருப்பான் என்று நினைத்து இவர் முதலிலேயே கூசிப்போய் இருந்தார். அவன் அதைத் தொடவில்லை. குழாய் வேலை திரும்பவும் செய்வதாகச் சொன்னான். தூரம் கணக்குப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது, குழாயில் மாட்டப் போனால் ரெஞ்ச் தவறிப் போகிறது என்றான். கொடி பிடிக்கப் போவதில்லை. வீட்டில் விட மாட்டார்கள். சாயாவைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஊரெல்லாம் சொல்லியாங்க அது ஆஃப்சைடு இல்லன்னு. நான் தப்பாக் கொடி தூக்கினேன்னு. கண்ணு போனதுகூட எனக்குச் சகிச்சுப் போச்சு. ஆனா இது உள்ள கெடந்து அரிக்குது. நடுக்கோட்டுல நீங்க இருந்தீங்க. நல்லாக் கண்டிருப்பீங்க. சத்தியமாச் சொல்லணும். அது ஆஃப்சைடுதானா?”

இவர் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். கோர்ட்டில்கூட இவ்வளவு நேரம் யோசிக்கவில்லை.

“தெரியாது, மக்கா” என்றார் கடைசியில். “மத்தவங்க எங்க நின்னாங்கன்னு நான் பாக்கவேயில்ல. நான் அவனுக்க காலத்தான் பாத்திட்டு நின்னேன்.”

அந்த இளைஞன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் போன பிறகு அவன் முகத்தைக் கண்ணாடி இல்லாமல் நான் அன்றுதான் பார்த்தேன். சிரிக்கத் தொடங்குகிறானா, அழப்போகிறானா என்று எனக்குப் புரியவில்லை.

“நானும்தாண்ணே” என்றான். “லைனைப் பாக்க வேண்டியவன். நான் பாக்கல்ல. இத்தனை பக்கத்துல நின்னு அவனுக்க களிய நான் அதுக்கு முன்ன கண்டதில்ல. அந்தக் காலு பந்தத் தொடுது, சத்தமே இல்ல... கோல் விழுந்த பொறகாக்கும் எனக்கு லைன் ஓர்மை வந்தது. ஆஃப்சைடு போலத் தோணிச்சு. தூக்கினேன்.”

“அப்பிடியா?”

“அப்பிடித்தான். இத நான் போலீஸ்ல சொல்லல்ல. வக்கீலுக்கிட்ட சொல்லல்ல. வீட்டுலயும் சொல்லல்ல.”

“அதுக்கும் அவன் செய்ததுக்கும் சம்பந்தம் ஒண்ணும் இல்ல, கேட்டியா” என்றார் இவர், கொஞ்சம் கடுமையாகவே. “தப்பாத் தூக்கினா தப்பாத் தூக்கினது. அவன் செய்தது செய்ததுதான்.”

“அது எனக்குத் தெரியும்ணே. அவன மன்னிக்கவொண்ணும் நான் வரல்ல.” கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “ஆனா அந்தக் களி... இனி அப்பிடி ஒண்ணு காணக் கிடைக்குமா?”

இவர் தலையை அசைத்தார். கிடைக்காது என்பதற்கா, தெரியாது என்பதற்கா என்று சொல்ல முடியவில்லை. வெளியே முற்றத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் மைதானத்தில் களி தொடங்கிவிட்டது. காற்று திரும்பும்போதெல்லாம் ஸ்பீக்கர் சத்தம் துண்டு துண்டாக வந்தது. மூன்று பேரும் அதைக் கேட்டும் கேட்காதது போல இருந்தோம். நான் அடுப்படிக்குப் போய், பானையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மூடியைத் திறந்து மூடினேன்.

பஸ் பிடிக்க வேண்டும் என்று அவன் கிளம்பியபோது நாங்களும் ஜங்ஷன் வரைக்கும் கூடப் போனோம். இவர் அவனுடைய வலது பக்கம், ரோட்டுப் பக்கமாக நடந்தார். வண்டிகள் வரும்போதெல்லாம் அவன் முழங்கையைத் தொட்டுத் தொட்டு உள்ளே தள்ளினார். பாதி வழியில் அவன் இடங்காலன் விளையாடிய ஏதோ பழைய மாநிலப் போட்டியைப் பற்றிச் சொன்னான். அதில் கோல் அடித்தது தலையால் என்றான். “தலையா? யாரு சொன்னது? தோளாக்கும்” என்றார் இவர். “இல்லண்ணே, தலை. நான் ஸ்டேடியத்துல இருந்து கண்டதாக்கும்.” “நீ எந்தப் பக்கம் இருந்தே?” “கோலுக்குப் பின்னாடி.” “அங்க இருந்தா உனக்கு எங்க தெரியும்?”

நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகும் அது முடியவில்லை. இவர் தன் தோளைத் தட்டிக் காட்டினார்; அவன் நெற்றியைத் தட்டிக் காட்டினான். சாயாக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரையும் அவர்களுக்குத் தெரியும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோட்டுகால் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது, கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார், பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.